அன்று நீ எங்கே இருந்தாய்?

கொடுமுடியிலே, இரயிலடிக்குப் போகும் வழியில், ஒரு தேநீர்க் கடை. அங்கே ஆண்டுக்கு ஒரு முறை ஒரு வழக்கு விசாரணைக்கு வரும். நீதிபதி இல்லை, வழக்கறிஞர் இல்லை, கூண்டும் இல்லை. இரண்டு மரப் பலகைகள், ஒரு நாற்காலி, ஆவி பறக்கும் பாத்திரம், கழகத்து ஏடு ஒன்றிரண்டு. அவ்வளவுதான் நீதிமன்றம்! பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் காலையில், கொடிக் கம்பத்தடியில் அண்ணாவின் படத்துக்கு மாலையிட்டுவிட்டு வருகிற முதியவர்கள் அங்கே அமர்வார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான். அண்ணா மறைந்த அன்று நீ எங்கே இருந்தாய்?

ஒருவர் சொல்வார், காளிங்கராயன் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன் என்று. மற்றொருவர் தறிக்குழியில் இருந்தவர். காலை மிதியை விட்டு எடுத்தவர் இரண்டு நாள் திரும்ப வைக்கவில்லை என்பார். இன்னொருவர் அன்று ஆறாம் வகுப்பு மாணவர். அழுதுகொண்டே பள்ளியை மூடிய ஆசிரியரைப் பார்த்து, எதற்கு என்று தெரியாமலேயே தாமும் அழுததைச் சொல்வார். வேறொருவர் பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் நின்றவர். அந்தக் குழாயிலிருந்து வந்த வீணை இசை இன்னும் காதில் கேட்கிறது என்பார். சென்னைக்குப் போய், இராஜாஜி மண்டபத்து வாசலில் மணிக்கணக்காக நின்று, அந்த முகத்தைக் கண்ணால் கண்டு வந்தவர் எங்கள் ஊரில் ஒருவர் உண்டு. கடையில் இருக்கிற ஒரே நாற்காலி அவருக்குத்தான்! மற்றவர்களுக்குப் பலகை.

நான் அப்போது பிறக்கவில்லை. என் தகப்பனாரே அரைஞாண் கயிற்றோடு ஓடித் திரிந்த வயது. ஆகவே அந்த நீதிமன்றத்தில் எனக்குச் சாட்சி சொல்லும் உரிமை இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் உரிமை மட்டுமே. என் அப்பாரு ஒருவர் மட்டும், கேள்வி தம் பக்கம் வரும்போதெல்லாம், மஞ்சள் கொப்பரைக்குப் பக்கத்தில் இருந்தேன் என்று நான்கே சொல்லில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஏன் போனார் என்பதை முடிவிலே சொல்கிறேன். அதற்கு முன்னால், தோழர்களே, அந்தக் கேள்வியை நம்மைவிடப் பெரிய ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணாவிடமே கேட்போம்! நாடு கலங்கிய நாள்களில், நெஞ்சு உடைந்த நாள்களில், நீ எங்கே இருந்தாய் அண்ணா?

1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடியில், நடராசனாருக்கும் பங்காரு அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் அண்ணாதுரை. வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். மாளிகையில் பிறக்கவில்லை, மகுடம் சூடிய மரபில் உதிக்கவில்லை. பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், வீட்டு வறுமையால் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு நகராட்சியில் எழுத்தராக அமர்ந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. பொருளியலில் பட்டம். 1930ஆம் ஆண்டில் ராணி அம்மையாரோடு திருமணம். ஆங்கிலத்தில் அடுக்கடுக்காகப் பேசவும் தமிழில் தேன்சொட்ட எழுதவும் வல்ல ஓர் இளைஞருக்கு அந்த நாளில் வெள்ளையர் ஆட்சியில் வேலையா கிடைக்காது? நாற்காலி காத்திருந்தது, சம்பளம் காத்திருந்தது. அவரோ அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திரும்பிய இடம் எது தெரியுமா? நம்முடைய திருப்பூர்! 1934ஆம் ஆண்டில் அங்கே நடந்த இளைஞர் மாநாட்டில்தான் பெரியாரை அவர் முதன்முதலில் கண்டார். ஈரோட்டு வேந்தருக்கு ஐம்பதைக் கடந்த வயது. காஞ்சி இளைஞருக்கு இருபத்தைந்தை எட்டும் வயது. என்ன செய்யப் போகிறாய் என்று பெரியவர் கேட்க, வேலைக்குப் போவதில் விருப்பமில்லை, பொதுப்பணிதான் நோக்கம் என்று இளையவர் விடை தந்தார். அந்தச் சந்திப்பு நம் கொங்கு மண்ணில் நிகழ்ந்தது. நொய்யற்கரையில் பற்றிய பொறி அது.

பொறி வளர்ந்த இடமும் நம் மண்ணே. ஈரோட்டில், பெரியாரின் இல்லத்திலே தங்கி, விடுதலை ஏட்டிலும் குடி அரசு ஏட்டிலும் துணையாசிரியராக உழைத்தார் அண்ணா. பெரியார்–அண்ணா நினைவகமாக அந்த இல்லம் இன்று நிற்கிறது. கொடுமுடியிலிருந்து இரயில் ஏறினால் ஒரு மணிப் பொழுது. போகாதவர்கள் போய்ப் பாருங்கள். சின்ன இடம், சிறிய அறைகள். அங்கே அமர்ந்து எழுதிய பேனாதான் பிற்காலத்தில் கோட்டையில் அமர்ந்து சட்டங்களில் கையெழுத்திட்டது.

1938ஆம் ஆண்டு. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார்கள். தமிழகம் பொங்கி எழுந்தது. அப்போது எங்கே இருந்தார் அண்ணா? சிறையிலே! நான்கு திங்கள் தண்டனை. போராடிச் சிறை சென்றவர்களில் நடராசன், தாளமுத்து என்ற இருவர் 1939ஆம் ஆண்டில் உயிரோடு வீடு திரும்பவில்லை. மொழிக்காகச் சாவது என்றால் என்ன என்பதை அண்ணா ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தம்மோடு சிறை புகுந்தவர்களின் பாடையைக் கண்டு தெரிந்துகொண்டார். பின்னாளில் தம்பிமார்களின் உயிரை அவர் எப்படி மதித்தார் என்பதற்கு இதுதான் வேர்.

1944ஆம் ஆண்டு சேலத்திலே நீதிக்கட்சி திராவிடர் கழகமாக உருமாறியது. அந்தத் தீர்மானத்துக்கு அண்ணாதுரை தீர்மானம் என்றே பெயர். பட்டங்களையும் பதவிகளையும் சுமந்த சீமான்களின் கட்சி, அன்றோடு பாட்டாளியின் பாசறை ஆயிற்று. அதற்கு இரண்டாண்டுக்கு முன்பே, 1942இல், காஞ்சியில் திராவிட நாடு இதழைத் தொடங்கிவிட்டார். நாடகம் எழுதினார், நடிக்கவும் செய்தார். வேலைக்காரி, ஓர் இரவு என்று கொட்டகைகளையே பள்ளிக்கூடம் ஆக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி, ஓரணா கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, ஜமீன்தாரின் ஆணவம் தோற்பதைத் திரையிலே கண்டான். கண்டவன் வீடு திரும்பி, தன் ஊர் ஜமீனை வேறு கண்ணால் பார்த்தான்!

இனி அந்த நாள்களுக்கு வருவோம். துக்க நாள்களுக்கு.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. வெள்ளையன் வெளியேறுகிறான். அந்த நாளைத் துக்க நாள் என்று அறிவித்தார் பெரியார். வெள்ளையனுக்குப் பதில் வேறொருவன் அமர்வது எப்படி விடுதலையாகும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனாலும் அண்ணா, தலைவருக்கு எதிராகவே, அது மகிழ்ச்சிக்குரிய நாள்தான் என்று தம் இதழிலே எழுதினார். இரண்டு பகைவரில் ஒருவன் போகிறான், அதற்கு நாம் ஏன் அழ வேண்டும் என்பது அவர் கணக்கு. தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! தந்தையெனப் போற்றிய தலைவர் அழச் சொல்கிறார். அழுகை வராத இடத்தில் அழ மாட்டேன் என்கிறார் தொண்டர். துக்கம் என்பது உத்தரவுக்கு வருவதல்ல என்று அன்றைக்கே காட்டினார் அவர்.

அடுத்த ஐந்தே திங்களில், 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், டில்லியிலே காந்தியார் சுட்டுக் கொல்லப்பட்டார். காந்தியாரோடு நம் இயக்கத்துக்கு இருந்த கருத்து மாறுபாடு கொஞ்சமா? வருணாசிரமம் பற்றியும் இந்தி பற்றியும் மேடை மேடையாக மோதியவர்கள் நாம். அன்று எங்கே இருந்தார் அண்ணா? அழுதவர்களின் வரிசையிலே! வானொலியில் அந்தப் பெருமகனுக்கு இரங்கல் உரையாற்றினார். எழுத்தில் அவரை உலகப் பெரியார் என்று போற்றினார். கருத்தை எதிர்ப்பது வேறு, மனிதனைக் கொல்வது வேறு என்று நாடறியச் சொன்னார். உத்தரவிட்டபோது அழாதவர், உள்ளம் உடைந்தபோது அழுதார். இரண்டும் ஒரே மனிதரின் இரண்டு நேர்மைகள்.

அதே 1948ஆம் ஆண்டு அக்டோபரில் ஈரோட்டில் சிறப்பு மாநாடு. தலைமை அண்ணா. பிணக்குகள் இருந்த காலம். ஆனாலும் தம்பியை ஊர்வலத்தில் வண்டியில் அமர வைத்துவிட்டுப் பெரியார் தாம் நடந்து வந்தார். பெட்டிச் சாவியையே தரப் போவதாக அந்த மேடையில் அவர் சொன்ன செய்தியை ஈரோட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி நெகிழ்வார்கள். ஓராண்டு கூட ஆகவில்லை. 1949ஆம் ஆண்டில் பிரிவு வந்தது. செப்டம்பர் 17ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. மறுநாள் இராயபுரம் இராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், முதல் பொதுக்கூட்டம். பிரிந்தவர்களைக் கண்ணீர்த் துளிகள் என்று எள்ளினார்கள். ஆம், கண்ணீர்த் துளிகள்தான்! அந்தக் கண்ணீரில் வசை இல்லை. தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்றே காலியாக விட்டுவைத்து, பொதுச் செயலாளராக மட்டுமே அமர்ந்தார் அண்ணா. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1967ஆம் ஆண்டில் வென்றபோது, பதவியேற்கு முன்பே திருச்சிக்குப் போய்ப் பெரியார் முன்னால் நின்றார். பிரிந்த அன்று வசை பாடியிருந்தால், திரும்பிப் போக வழி இருந்திருக்குமா?

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் சட்டமன்றத்தில் கழகத்துக்கு 15 இடங்கள். 1962இல் 50 இடங்கள். ஆனால் அந்த 50இல் அண்ணா இல்லை! காஞ்சிபுரத்தில் தோற்றார். தம்பிகள் ஐம்பது பேர் வென்றார்கள், அண்ணன் தோற்றான். அவர் முகம் வாடவில்லை. மாநிலங்களவைக்குப் போனார். டில்லி வியக்கும்படி திராவிடத்தின் குரலை அங்கே ஒலித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் சீனப்படை எல்லை தாண்டியது. நாட்டுப் பிரிவினை கேட்டு நின்ற கழகம் என்ன செய்யும் என்று பகைவர்கள் கைதட்டக் காத்திருந்தார்கள். வீடு பற்றி எரியும்போது பாகப்பிரிவினை பேசுபவன் அல்லன் அண்ணா! பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்தினார். நாட்டுப் பாதுகாப்புக்குத் துணை நின்றார். அடுத்த ஆண்டில் பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்க முடியாது என்று சட்டத்திருத்தம் வந்தபோது, அந்தக் கோரிக்கையையே கைவிட்டு, மாநில உரிமை என்ற புது வழியை வகுத்தார். கோழை என்றார்கள் சிலர். இயக்கத்தைக் காப்பாற்றிய தலைவன் என்கிறது வரலாறு.

பிறகு 1965. நம் கொங்கு நாட்டுக்கு மறக்க முடியாத ஆண்டு. இந்தியே ஆட்சிமொழி என்ற ஜனவரி 26ஆம் நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கச் சொன்னார் அண்ணா. முன்கூட்டியே அவரைச் சிறை பிடித்தார்கள். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், துப்பாக்கிகள் பேசின. பொள்ளாச்சித் தெருவிலே குருதி ஓடியது. முந்திய ஆண்டே கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்திருந்தார். இப்போது நம் சத்தியமங்கலம் முத்து தீயில் கருகினார். பீளமேடு தண்டபாணி நஞ்சுண்டார். எதிரிகள் எண்ணினார்கள், தம் பக்கம் இத்தனை உயிர் விழுந்தால் ஒரு தலைவன் மகிழ்வான் என்று. அண்ணாவோ போராட்டத்தை நிறுத்தும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். உயிரோடு இருந்து போராடும் தம்பிகளே அவருக்குத் தேவை. இதை மறக்காதீர்கள், அப்பாருவின் கதைக்கு இது வேண்டும்.

1967ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், நெசவாளியின் மகன் முதலமைச்சர் ஆனார். வெற்றி வெறியில் ஊரெல்லாம் வெடி வெடித்தபோது, விருதுநகரில் பெருந்தலைவர் காமராசர் தோற்றுவிட்டாரே என்று வருந்தியவர் அவர். மாற்றான் வீட்டுத் துக்கத்தில் தன் வீட்டு மேளம் ஒலிக்கக் கூடாது என்ற பண்பு அது. எங்கள் கொடுமுடியின் புகழ் பெற்ற மகள் கே.பி.சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியவர். அந்தக் குரலைக் கேட்டு உருகிவிட்டு, மறுநாள் கழகக் கூட்டத்துக்கும் வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். அண்ணா கற்றுத் தந்த கண்ணியம் இப்படித்தான் ஊருக்குள் உலவியது.

ஆட்சி நடந்தது எத்தனை நாள்? இரண்டாண்டு கூட இல்லை! அதற்குள் செய்தவை எத்தனை! ரூபாய்க்கு ஒரு படி அரிசி, முதலில் சென்னையிலும் நம் கோவையிலும் வந்தது. ஆலைத் தொழிலாளியின் மனைவி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சிரித்தாள். 1968ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழித் தீர்மானம் நிறைவேறியது. சென்னை இராச்சியம் என்ற பெயர் போய், தமிழ்நாடு என்ற பெயர் 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பெயர் வைத்த தந்தை, அந்தப் பெயருள்ள நாட்டில் வாழ்ந்தது இருபதே நாள்!

இன்னொரு சட்டம் உண்டு. அதைப்பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எங்கள் வீடு நிற்பதே அதன்மேல்தான். புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், தலைவர் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லா என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. செல்லாது என்றால் என்ன பொருள்? அந்தப் பெண் மனைவி அல்ல. அந்தக் குழந்தைகள் வாரிசு அல்ல! என் அப்பாருவும் அப்பத்தாவும் 1960ஆம் ஆண்டில் அப்படித்தான் மணந்தவர்கள். ஊரில் சண்டை வரும்போதெல்லாம் அப்பத்தாவின் காதில் விழும்படி ஒரு சொல்லை வீசுவார்கள். ஏழாண்டு அதைத் தாங்கினார் அவர். 1967ஆம் ஆண்டில் அண்ணாவின் அரசு சட்டம் இயற்றியது. இனி நடப்பவை மட்டுமல்ல, முன்பு நடந்தவையும் செல்லும் என்றது அந்தச் சட்டம். ஒரே கையெழுத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டுக் கிழவி.

ஆனால் தோழர்களே, வெற்றியை மட்டும் எண்ணினால் அது கணக்கல்ல. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தஞ்சைத் தரணியில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகத் தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்! அப்போது ஆட்சியில் இருந்தது நாம்தான். அண்ணா நோயாளி. உணவுக் குழாயில் புற்று. செப்டம்பரில் நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டு திரும்பியவர். செய்தி கேட்டுத் துடித்தார், அமைச்சர்களை அனுப்பினார். ஆனாலும் வழக்கில் முதன்மைக் குற்றவாளியாக நின்ற மிராசுதார் பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகி வெளியே வந்தார். அந்த 44 பேருக்கும் நீதி கிடைக்கவில்லை என்பது ஊரறிந்த உண்மை. வெண்மணி எரிந்த நாற்பதாம் நாள் அண்ணா மறைந்தார். நாற்பது நாள் இடைவெளியில் இரண்டு இழவு! ஓர் இழவுக்கு நாம் எங்கே இருந்தோம் என்று ஆண்டுதோறும் கேட்கிறோம். மற்றோர் இழவுக்கு எங்கே இருந்தாய் என்று எங்கள் தேநீர்க் கடையில் எவரும் எவரையும் கேட்டதில்லை. கூலிக்காரனின் கட்சி என்று நெஞ்சு நிமிர்த்துகிறவன், அந்தக் கேள்வியையும் தாங்கத்தான் வேண்டும்.

1969ஆம் ஆண்டு ஜனவரி 14, பொங்கல் நாள். நண்பர் கலைவாணர் என்.எஸ்.கிருட்டிணனின் சிலையைச் சென்னை தியாகராய நகரில் திறந்து வைத்தார். அதுவே அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சி. பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பிப்ரவரி 3ஆம் நாள், நள்ளிரவு கடந்த பொழுதில், அந்தக் குரல் நின்றது. அறுபதைத் தொடாத வயது.

திங்கட்கிழமை விடிந்தபோது தமிழ்நாடே எழுந்து ஒரே திசை நோக்கி நடந்தது. இராஜாஜி மண்டபத்தில் உடல். மறுநாள் கடற்கரையில் அடக்கம். கூடியவர்கள் ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் ஏடு பதிந்துவைத்தது. எண்ணிக்கை எதுவானாலும், உலகம் அதற்கு முன் கண்டிராத கூட்டம் அது. வண்டி கொள்ளாமல் வந்தார்கள். இரயில் கூரைகளில் ஏறி வந்தார்கள். அப்படிக் கூரையில் வந்தவர்களில் பலர், கொள்ளிடம் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் மோதி மாண்டார்கள். அண்ணன் முகத்தைக் காணப் புறப்பட்டவர்கள், அண்ணனுக்கு முன்பே மண்ணுக்குப் போனார்கள்!

இப்போது அப்பாருவின் கதை.

பிப்ரவரி, எங்கள் பக்கம் மஞ்சள் வெட்டும் காலம். வெட்டிய கிழங்கைக் கொப்பரையில் போட்டு, காய்ந்த சோகையை அடுப்பில் தள்ளித் தள்ளி வேகவைக்க வேண்டும். பதம் முக்கியம். வேக்காடு குறைந்தால் காயாது. மிகுந்தால் நிறம் கெடும். அன்று விடியுமுன்பே, பண்ணையத்தார் ஒருவரின் களத்தில், அப்பாருவும் அப்பத்தாவும் இன்னும் எட்டுப் பேரும் கொப்பரை ஏற்றியிருந்தார்கள். செய்தி வந்தது. அப்பாரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினார். மறித்தவர் அப்பத்தா. அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். அந்தக் களத்தில் அண்ணாவுக்குக் கடன்பட்டவர் அவரைவிட யார்? ஆனாலும், ஏற்றிய கொப்பரையை இறக்கிவிட்டுப் போங்கள், பாதியில் விட்டால் பத்துப் பேர் கூலி போகும் என்றார். அப்பாரு நின்றார். கடைசிக் கொப்பரை இறங்கியபோது உச்சி வெயில். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து அவர் கையில் வைத்து, போய் என் பங்குக்கும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார் அப்பத்தா.

கொடுமுடி இரயிலடியில் வண்டி வந்து நின்றது. உள்ளே இடமில்லை, படியில் இடமில்லை, கூரையில் மட்டும் இருந்தது. மேலிருந்து கைகள் நீண்டன, ஏறிவிட்டார். கீழே கார்டு நின்று, எல்லோரும் இறங்குங்கள், வழியில் பாலம் இருக்கிறது, கம்பி இருக்கிறது என்று இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எவரும் அசையவில்லை. அப்பாரு மட்டும் இறங்கினார். கூப்பிய கை ஒன்றைப் பார்த்துக்கொண்டே மேலே உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை என்றுதான் பின்னாளில் சொன்னார். மேலிருந்தவர்கள், எல்லோரும் நம் தோழர்கள்தாம், சிரித்தார்கள். கோழை என்று ஒருவர் கூவினார். வண்டி போய்விட்டது.

அந்த வண்டிக்கு ஒன்றும் நேரவில்லை. போனவர்கள் நலமாகத் திரும்பினார்கள். கொள்ளிடத்துச் செய்தி வேறொரு தடத்தில் நடந்தது. ஆகவே அப்பாரு இறங்கியது சரிதான் என்று ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. தேநீர்க் கடையில் நாற்காலி ஒருவருக்கும் பலகை இவருக்கும் என்று ஆகிவிட்டது. அன்று எங்கே இருந்தாய் என்ற கேள்வி, துக்கம் கேட்கும் கேள்வியாகத் தொடங்கி, தகுதி கேட்கும் கேள்வியாக மாறிப்போனது. சென்னைக்குப் போனவன் பெரிய தொண்டன். போகாதவன் சின்னத் தொண்டன். கிளைக் கழகத் தேர்தலில்கூட அந்தக் கணக்கு வந்து நின்றது உண்டு. சாகும்வரை அப்பாரு அந்தச் சிரிப்பை நெஞ்சில் சுமந்தார்.

நான் கேட்கிறேன், தோழர்களே! கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று மூன்று சொற்களை நமக்குத் தந்துவிட்டுப் போனாரே அண்ணா, அந்த மூன்று சொற்களும் அன்று எங்கே இருந்தன? ஏற்றிய கொப்பரையை இறக்கிவிட்டுப் போ என்ற கிழவியிடம் கடமை இருந்தது. கோழை என்று கூவியவனுக்கு ஒரு மறுசொல் சொல்லாமல் நின்றவரிடம் கண்ணியம் இருந்தது. கூரையிலிருந்து இறங்கிய காலில் கட்டுப்பாடு இருந்தது. தம்பிகளின் உயிர் விழக் கூடாது என்று போராட்டத்தையே நிறுத்தச் சொன்ன தலைவன், அந்த நண்பகலில் கொடுமுடி இரயிலடியில் நின்றிருந்தால், யார் பக்கம் நின்றிருப்பான்? கூரையில் சிரித்தவர்கள் பக்கமா? தரையில் கை கூப்பியவர் பக்கமா?

போனவர்களைக் குறை சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. போனவர்களின் கண்ணீரும் உண்மைக் கண்ணீர்தான். நாற்காலியில் அமர்ந்திருக்கிற பெரியவரின் கால்கள் அன்று வெயிலில் வெந்த கால்கள். அந்த நாற்காலிக்கு அவர் தகுதியானவரே. நான் சொல்வது, பலகையில் இருந்தவர்களும் தகுதியானவர்களே என்பதுதான். மடை திருப்பியவர், தறிக்குழியில் இருந்தவர், பள்ளியைப் பூட்டிய ஆசிரியர், அடுப்பை அணைய விடாதவர், இவர்கள் எல்லோரும் இல்லாமல் அண்ணா யாருக்குத் தலைவர்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தனை ஆண்டு நடந்த விசாரணையில், அப்பத்தாவை அழைத்து, ஆத்தா, நீ அன்று எங்கே இருந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கடைக்கு அவர் வந்ததும் இல்லை. வரச் சொன்னதும் இல்லை. நான்தான் ஒரு நாள் கேட்டேன். உன் அப்பாரு திரும்பி வந்து பணத்தை என் கையில் கொடுத்தார், அதை மறுபடி முடிந்து வைக்க எனக்கு மனசு வரவில்லை என்றார். அடுத்த சந்தை நாளில் ஈரோட்டுக்கு ஆள் அனுப்பி, அந்தப் பணத்தில் அண்ணாவின் படம் ஒன்று கண்ணாடி போட்டு வாங்கி வரச் செய்திருக்கிறார். சென்னைக்குப் போகாத பணம், எங்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. மஞ்சள் தூசியும் அடுப்புப் புகையும் படிந்து, மூலைகளில் பழுப்பேறி, இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

அண்ணா மறைந்த அன்று எங்கே இருந்தேன் என்று சொல்லக் கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். இரண்டு பலகையில் ஒரு பலகை காலியாகிவிட்டது. நாளை அந்தக் கடையில் அமரப் போகிறவர்கள் நானும் என் வயதுத் தோழர்களும்தான். அன்று எங்கே இருந்தாய் என்று எங்களைக் கேட்க முடியாது. ஆகவே வேறு கேள்விதான் கேட்க வேண்டும். உன் ஊரில் கூலி கேட்டவனை மிரட்டியபோது நீ எங்கே இருந்தாய்? சாதி விட்டுச் சாதி மணந்த பிள்ளைகளைத் துரத்தியபோது நீ எங்கே இருந்தாய்? கை கூப்பி நின்ற மனிதனைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தபோது, நீ கூரையில் இருந்தாயா, இறங்கி நின்றாயா?

அடுத்த பிப்ரவரி 3ஆம் நாள், மாலையிட்டுவிட்டு வரும்போது, அப்பத்தாவைக் கைப்பிடித்து அந்தக் கடைக்கு அழைத்து வரப் போகிறேன். நாற்காலிக்காரப் பெரியவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.